மலையக வீட்டுத் தண்ணீர் ஃபில்டர்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது?

கடைகளில் கிடைக்கும் தண்ணீர் மெஷின்களில் பல வேறு பிரதேசத்துத் தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா பக்கத்துக் கிணறுகளில் கடினத்தன்மையும் புளோரைட்டும் கூடுதல். கரைந்த உப்பை எடுக்க அங்கே ஆர்ஓ (மெல்லிய சவ்வின் வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின்) வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளை மலைகளில் ஊறி வரும் தண்ணீரின் குணம் இதற்கு நேரெதிர். உப்பு மிகக் குறைவு, மென்னீர், பல இடங்களில் கொஞ்சம் அமிலத்தன்மை. மழை பெய்தால் மண்ணும் இலைச்சருகும் கிருமியும் சேர்ந்து வரும். ஆகவே இங்கே கோளாறைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியவை சேறு, கிருமி, அழுத்தம், அமிலம் என்ற நான்குதான். உப்பு கடைசி.

மின்சாரம் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் போதுமான வரிசை இது: கழுவக்கூடிய வலை ஃபில்டர், 20 மைக்ரோன் பிபி காட்ரிஜ் (பிளாஸ்டிக் இழையாலான மாற்று உருளை; மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 5 மைக்ரோன் பிபி காட்ரிஜ், கார்பன் (கரி) காட்ரிஜ், கடைசியில் கிருமி கொல்லும் யூவி (புறஊதா) விளக்கு. மின்சாரம் நம்ப முடியாத இடத்தில் யூவிக்குப் பதில் பீங்கான் கேண்டில் ஃபில்டரை வைத்து, வடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். கீழே வரும் கோளாறுகள் இந்த அமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எதையும் கழற்றும் முன் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

ஒன்று: ஃபில்டருக்கு முன்னுள்ள குழாயிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையிலும், பின்னுள்ள குழாயிலிருந்து இன்னொன்றிலும் தண்ணீர் பிடியுங்கள். பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். கோளாறு தண்ணீரிலா ஃபில்டரிலா என்பது அப்போதே தெரிந்துவிடும். இரண்டையும் மூடி இரவு முழுவதும் அசைக்காமல் வைத்து, காலையில் மறுபடி பாருங்கள்.

இரண்டு: ஒரு லீற்றர் போத்தல் நிறைய எத்தனை செக்கன் எடுக்கிறது என்று அளந்து, திகதியோடு சுவரில் எழுதுங்கள். காட்ரிஜ் புதிதாக இருக்கும் நாளில் 30 செக்கன் என்றால் ஓட்டம் நிமிடத்துக்கு 2 லீற்றர். அது 60 செக்கனாகும் நாள் காட்ரிஜ் மாற்றும் நாள். கடைக்காரர் சொல்லும் 'ஆறு மாதம்' வேறு ஊர்த் தண்ணீரின் கணக்கு.

மூன்று: ஓட்டம் குறைவு என்றால் காட்ரிஜை வெளியே எடுத்து, வெற்று ஹவுசிங்கை (காட்ரிஜ் உட்காரும் கூட்டை) மூடி, குழாயைத் திறந்து பாருங்கள். ஓட்டம் திரும்பினால் பழி காட்ரிஜ்மேல். திரும்பாவிட்டால் பைப்பிலோ மேலேயுள்ள ஊற்றுத் தொட்டியிலோ அடைப்பு, அல்லது அழுத்தமே குறைவு. இந்தச் சோதனையைச் செய்யாமல் காட்ரிஜ் வாங்கப் போகாதீர்கள்.

மழை தொடங்கியதும் தண்ணீர் கலங்கல்

மேற்குச் சரிவில் (ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை) இது மே முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் வரும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஐப்பசி மழையோடு தொடங்கித் தை வரை இருக்கும். கலங்கல் எல்லாம் ஒரே வகை அல்ல. இரவு வைத்த குவளைதான் வகையைச் சொல்லும்.

காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மணலும் வண்டலும். இதற்கு மருந்து பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு இறங்கும் வரிசை. பலர் 'நுண்ணியது நல்லது' என்று எண்ணி முதலிடத்திலேயே 1 மைக்ரோன் காட்ரிஜைப் போட்டுவிடுகிறார்கள். பலத்த மழை என்றால் அது சில நாட்களிலேயே சேறு பூசி அடைத்துக்கொள்ளும். முதலில் 60 முதல் 100 மைக்ரோன் வரையான உலோக வலை ஃபில்டர், அதன் அடியில் ஒரு சிறு வால்வு. மழைக்காலத்தில் தினமும் காலையில் அந்த வால்வை அரை நிமிடம் திறந்துவிட்டால் மண் அங்கேயே கழிந்துபோகும். அதன்பின் 20, பிறகு 5. இடமிருந்தால் 10 அங்குல ஹவுசிங்குக்குப் பதில் 20 அங்குலத் தடிப்பான ஹவுசிங்கை வாங்குங்கள். பரப்பு பல மடங்கு கூடுதல், காட்ரிஜ் அதற்கேற்ப நின்றுபிடிக்கும். அழுக்கான பிபி காட்ரிஜைத் தேய்த்துக் கழுவித் திரும்பப் போடுவது வீண்வேலை. மேல்தோல் மட்டும் வெளுக்கும், உள்ளே இறங்கிய சேறு வராது.

காலையிலும் தண்ணீர் பால்போல மங்கலாகவே இருந்தால் அது மிக நுண்ணிய களிமண். 5 மைக்ரோன் காட்ரிஜ் அதைப் பிடிக்காது. காட்ரிஜை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீரை மட்டும் படிகாரத்தால் தெளியவையுங்கள்:

1. 10 கிராம் படிகாரத் தூளை 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள்.
2. 20 லீற்றர் வாளிக்கு அந்தக் கரைசலில் 50 மில்லிலீற்றர். லீற்றருக்கு 25 மில்லிகிராம் என்ற கணக்கு இது.
3. ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு ஐந்து நிமிடம் மிக மெதுவாகவும் கலக்குங்கள். வேகக் கலக்கல் மருந்தைப் பரப்பும், மெதுக் கலக்கல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்.
4. ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டு, அடியைக் கிளறாமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்து ஃபில்டரிலோ கேண்டிலிலோ ஊற்றுங்கள்.

இதில் மலைத் தண்ணீருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. படிகாரம் வேலைசெய்யத் தண்ணீரில் கொஞ்சம் காரத்தன்மை வேண்டும். நம் ஊற்று நீரில் அது மிகக் குறைவு. அதனால் சில வீடுகளில் எவ்வளவு கலக்கினாலும் பஞ்சுபோன்ற திரள் உண்டாகாது. கூடுதல் படிகாரம் போடுவது நிலைமையைக் கெடுக்கும், தண்ணீர் இன்னும் புளிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு கடலையளவு எடுத்துக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, வாளியில் முதலில் அதை ஊற்றிக் கலக்கிவிட்டுப் படிகாரக் கரைசலை ஊற்றிப் பாருங்கள். திரள் கட்டுவது கண்ணுக்கே தெரியும்.

கலங்கல் தண்ணீர் யூவி விளக்கைத் தாண்டி வந்தால் அதைச் சுத்தமான தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும். யூவிக்குள் போகும் தண்ணீரின் கலங்கல் 1 என்டியுவுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) இருக்கவேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. எஸ்எல்எஸ் 614 என்ற இலங்கைக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் மேல் எல்லையே 2 என்டியுதான். கண்ணால் பார்த்துக் கலங்கல் என்று சொல்லும் நிலை இவற்றையெல்லாம் தாண்டியது. அந்த நாட்களில் யூவி இருந்தாலும் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

ஓட்டம் குறைவு, காட்ரிஜ் புதிது

வெற்று ஹவுசிங் சோதனையிலும் ஓட்டம் வராவிட்டால் உயரத்தைக் கணக்கிடுங்கள். 10 மீற்றர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். கூரைமேல் உள்ள தாங்கி குழாயிலிருந்து 3 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது என்றால் கையில் இருப்பது 0.3 பார் மட்டும். மூன்று ஹவுசிங்கைத் தள்ளிக்கொண்டு வர அது திணறும். அப்படிப்பட்ட வீட்டில் காட்ரிஜ் எண்ணிக்கையைக் குறையுங்கள் அல்லது ஒரு சிறு பம்ப் வையுங்கள். மேட்டில் தாங்கி வைக்க இடமிருந்தால் இன்னும் நல்லது, சரிவு இலவசமாகத் தரும் அழுத்தத்துக்கு மின்கட்டணம் இல்லை.

ஊற்றிலிருந்து நேரே பைப் வரும் வீடுகளில் வேறு சங்கதி. குழாய் துப்பித் துப்பி வந்து, பிறகு நின்றே போனால் பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. பைப் ஒரு மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் காற்று தேங்கும். அந்த மேட்டின் உச்சியில் ஒரு 'டி' போட்டு, சிறு வால்வோ தானியங்கிக் காற்று வால்வோ வைத்து வெளியேற்றுங்கள். மேலே உள்ள தொட்டியில் பைப்பின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்திலாவது இருக்கவேண்டும். நீர்மட்டம் தாழ்ந்து வாய் தெரிந்தால் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். வாயில் போர்த்தியிருக்கும் வலையில் இலை அப்பிக்கொண்டாலும் இதேதான் நடக்கும். கடுமையான மழைக்குப் பின் கீழே ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன் மேலே போய்த் தொட்டியைப் பாருங்கள்.

ஹவுசிங் கசிகிறது, வெடிக்கிறது

கசிவு பெரும்பாலும் ஓ-ரிங் (மூடியைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) விவகாரம். ஹவுசிங்கைக் கழற்றி, ஓ-ரிங்கை விரலால் எடுத்து (ஊசியால் கிளப்பினால் கீறல் விழும்), அது உட்காரும் பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் துடையுங்கள். ஒரு மணல் துகள் கிடந்தாலே கசியும். தட்டையாகிப் போன ஓ-ரிங்கை மாற்றுங்கள். நல்லதாக இருந்தால் உணவுத் தரமான சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். வாசலின் பூசினால் சில வகை ரப்பர் ஊதிப்போகும். பிறகு கையால் மட்டும் இறுக்குங்கள். ஹவுசிங் சாவி (ஸ்பானர்) கழற்றுவதற்கு மட்டுமே. சாவியால் இறுக்கிய ஹவுசிங்கின் மரை மயிரிழையாய் வெடித்துப் பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

விடிகாலையில் எழுந்து பார்த்தால் சமையலறை முழுவதும் தண்ணீர், ஹவுசிங் பிளந்து கிடக்கிறது என்றால் ஓ-ரிங்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஊற்று வீட்டிலிருந்து 70 மீற்றர் மேலே இருந்தால், இரவில் யாரும் குழாய் திறக்காத நேரத்தில் பைப்பில் 7 பார் அழுத்தம் நிற்கும். பகலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் அது தெரியாது. வீட்டு ஹவுசிங்குகளின் மேல் எல்லை பெரும்பாலும் 6 முதல் 8 பார். வழியில் அழுத்தம் தணிக்கும் தொட்டி ஒன்றைக் கட்டுங்கள். தண்ணீர் அதில் திறந்தவெளியில் விழுந்து மறுபடி இறங்கும்போது அதுவரை சேர்ந்த அழுத்தம் பூச்சியமாகிவிடும். அது முடியாவிட்டால் ஃபில்டருக்கு முன் அழுத்தக் குறைப்பு வால்வு வைத்து 3 பாரில் நிறுத்துங்கள்.

பிளேன்டீ மை போலக் கறுக்கிறது; வாளியில் செம்பழுப்புக் கறை

இரும்பு. குழாயில் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் சில மணி நேரம் நின்றபின் பழுப்பாகும். கரைந்த இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாக மாறுவதால் அப்படி. தேயிலை இதற்கு நல்ல சோதனைக் கருவி. ஒரு குவளைக் குழாய்த் தண்ணீரிலும் ஒரு குவளை போத்தல் தண்ணீரிலும் தனித்தனியே இரண்டு கரண்டி வடித்த பிளேன்டீயை விடுங்கள். தேயிலைத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலம் பாய்ந்த கறுப்பாகும். போத்தல் தண்ணீர்க் குவளை செம்பொன் நிறத்திலேயே நிற்கும். குடிநீரில் இரும்பின் எல்லை லீற்றருக்கு 0.3 மில்லிகிராம். கறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றால் ஆய்வுகூடத்தில் சரியான அளவைக் கேட்டு வாங்குங்கள்.

ஊற்றிலேயே இரும்பா, வீட்டுப் பழைய ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப்பின் துருவா என்று பிரித்துப் பாருங்கள். காலையில் முதல் தண்ணீர் மட்டும் பழுப்பாக வந்து, ஐந்து நிமிடத்தில் தெளிந்தால் பைப். எப்போதும் ஒரே மாதிரி என்றால் ஊற்று. பைப் என்றால் பீவிசிக்கு மாற்றுவதே தீர்வு. ஊற்று என்றால் தாங்கிக்குள் தண்ணீரைக் காற்றுப்பட விழவிடுங்கள். துளையிட்ட பீவிசி பைப்பிலிருந்து மழைபோலக் கொட்டி, சரளைக்கல் நிரப்பிய இரண்டு மூன்று தட்டுகளில் இறங்கி, தாங்கியில் ஓர் இரவு நின்று, மணல் ஃபில்டரில் வடிந்து வந்தால் பெரும்பகுதி இரும்பு துருவாகப் பிரிந்துவிடும். தண்ணீர் அமிலமாக இருந்தால் இந்த மாற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும். அப்போது அடுத்த பகுதியில் வரும் கல்சைட்டும் சேர வேண்டும்.

இரும்புத் தண்ணீரை நேரே யூவிக்கு விட்டால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் பழுப்புப் படலம் பூத்து ஒளியை மறைக்கும். தாங்கியின் சுவரில் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான சளி போன்று கண்டால் அது இரும்பு உண்ணும் பாக்டீரியா. நோய் தராது, ஆனால் காட்ரிஜை அடைக்கும், நாறும். கீழே சொல்லும் குளோரின் கழுவல்தான் மருந்து.

கைகழுவும் தொட்டியில் நீலப்பச்சைக் கறை

ஃபில்டரில் கோளாறில்லை. தண்ணீர் அமிலத்தன்மை உடையது, செப்புப் பைப்பையும் பித்தளைக் குழாயையும் தின்கிறது. சுடுதண்ணீர் கீசரின் செப்புப் பகுதிகளும் இதில் அடங்கும். குடிநீரின் பீஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்கவேண்டும். மென்மையான மலைநீர் 6.5க்குக் கீழே போவது புதுமையல்ல. பழைய பித்தளைப் பொருத்துகளில் ஈயமும் இருக்கலாம் என்பதால் கறையை அழகுக் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு முழுவதும் குழாயில் நின்ற தண்ணீரைக் காலையில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு குடிக்கப் பிடியுங்கள். ஓடும் தண்ணீர் செடிக்கு ஆகும்.

நிலையான தீர்வு கல்சைட் காட்ரிஜ். உள்ளே உள்ள சுண்ணக்கல் மணி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அமிலத்தைச் சமன்செய்யும். கரைவதுதான் அதன் வேலை என்பதால் மணி இறங்க இறங்க நிரப்பவேண்டும். கார்பனுக்குப் பின், யூவிக்கு முன் வையுங்கள். தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தூளைக் கொண்டுவந்து நிரப்பும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். அது விவசாயத்துக்கு அரைத்த தூள், குடிநீருக்குச் சோதித்தது அல்ல, தூளாக இருப்பதால் ஓட்டத்தையும் அடைக்கும்.

யூவி விளக்கு எரிகிறது, வீட்டில் வயிற்றுப்போக்கு

இதை அலட்சியம் செய்யக்கூடாது. விளக்கு நீலமாக ஒளிர்வதால் கிருமி சாகிறது என்று அர்த்தமில்லை. கிருமியைக் கொல்லும் 254 நானோமீற்றர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரியும் நீலம் கூடவே வரும் உபரி. பெரும்பாலான விளக்குகளின் ஆயுள் 9000 மணி நேரம், இடைவிடாமல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு வருடம். அதன்பின் நீலம் அப்படியே இருக்கும், கொல்லும் வலிமை இறங்கிவிடும். மாட்டிய திகதியை விளக்கின் மூடியில் எழுதுங்கள்.

பார்க்க வேண்டிய வரிசை:

1. போத்தல் சோதனையில் வந்த ஓட்டம் யூவியில் அச்சிட்ட அளவுக்குக் கூடுதலா? கூடுதல் என்றால் தண்ணீருக்குப் போதிய நேரம் ஒளி படவில்லை. ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு வையுங்கள்.
2. மின்னைத் துண்டித்து, தண்ணீரை மூடி, குவார்ட்ஸ் குழாயைக் கழற்றுங்கள். படலம் இருந்தால் வினாகிரியில் ஊறிய மெல்லிய துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, விரல் படாமல் மாட்டுங்கள். எரியும் விளக்கை நேரே பார்க்கவே கூடாது, கண் வெந்துவிடும்.
3. யூவிக்குப் பின்னால் தாங்கியோ நீண்ட பைப்போ இருக்கிறதா? யூவி தண்ணீரில் எந்த மருந்தையும் விட்டுச் செல்வதில்லை. பின்னால் கிருமி குடியிருந்தால் மறுபடி தொற்றும். விளக்கை வாய்க்குழாய்க்கு எவ்வளவு கிட்ட வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.
4. விளக்கை மாற்றும் நாளில் பின்பக்கப் பைப்பையும் கழுவுங்கள். கார்பன் காட்ரிஜை எடுத்துவிட்டு, அந்த வெற்று ஹவுசிங்கில் மணம் சேர்க்காத 5 சதவீத ப்ளீச் 30 மில்லிலீற்றர் ஊற்றி மூடுங்கள். குழாயில் குளோரின் வாசம் வரும்வரை திறந்து, மூடி, அரை மணி நேரம் விட்டு, வாசம் போகும்வரை ஓடவிடுங்கள்.

இடி மின்னல் கூடிய பங்குனி, சித்திரை, ஐப்பசி, கார்த்திகைப் பிற்பகல்களில் யூவியின் பலாஸ்ட் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) எரிந்துபோவது சகஜம். வானம் உறுமத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கழற்றிய நேரத்தில் பிடித்த தண்ணீரைக் கொதிக்கவைக்க மறக்காதீர்கள். பழைய விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைத்துக் கானில் போடவேண்டாம்.

கொதிக்கவைப்பது பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி எழும். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறதே, போதுமா? போதும். குடல் நோய்க் கிருமிகளும் செங்கண்மாரி வைரசும் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே அழியும். குமிழ் பொங்கிக் கொதித்தபின் 1 நிமிடம், நுவரெலியா, கந்தப்பளை மட்டத்தில் 3 நிமிடம் விட்டால் தாராளம். கால் மணி நேரம் கொதிக்கவிடுவது விறகுக்கும் கேஸுக்கும் கேடு.

அழுகிய முட்டை நாற்றம், மண்வாசம், பாசி

சுடுதண்ணீரில் மட்டும் நாற்றம் என்றால் கீசருக்குள் உள்ள மக்னீசியம் கம்பி காரணமாக இருக்கலாம், பிளம்பரிடம் காட்டுங்கள். ஃபில்டர் தண்ணீரில் மட்டும் என்றால் கார்பன் காட்ரிஜ். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் கொழும்புக்குப் போய்வந்தால், நின்ற தண்ணீரில் கார்பனுக்குள் பாக்டீரியா பெருகியிருக்கும். கார்பன் குளோரினை உறிஞ்சிவிடுவதால் அதற்குள் பாதுகாப்பு எதுவுமில்லை. காட்ரிஜை எறிந்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். புதிய கார்பனில் முதல் 10 லீற்றர் கறுப்பாக வரும், அது கரித்தூள், வெளியே விடுங்கள்.

மண்வாசமும் ஹவுசிங்கில் பச்சைப் படலமும் வெளிச்சத்தால் வருபவை. கண்ணாடி போன்ற ஹவுசிங் வெளிச்சுவரில் வெயில் படும்படி இருந்தால் பாசி பிடிக்கும். கறுப்புப் பொலித்தீனால் சுற்றுங்கள். ஒளி ஊடுருவும் தாங்கிக்கும் அதே வைத்தியம். தாங்கியில் பாசியோ சளியோ ஏற்கெனவே பிடித்துவிட்டால், அல்லது மண்சரிவுக்குப் பின் சேற்றுத் தண்ணீர் தாங்கிக்குள் வந்துவிட்டால், குளோரின் கழுவல்:

தாங்கியை இறக்கி, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கை வெளியேற்றி, மறுபடி நிரப்புங்கள். 500 லீற்றர் தாங்கிக்கு ரிசிஎல் எனப்படும் குளோரின் தூள் 80 கிராம் (30 சதவீத வலிமை உள்ளது). 1000 லீற்றருக்கு 160 கிராம். தூளை நேரே கொட்டாமல் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புக் கசடு அடியில் இறங்கியதும் தெளிவை மட்டும் தாங்கியில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் வாசம் வரும்வரை திறந்து மூடுங்கள். ஓர் இரவு விட்டு, காலையில் முழுவதையும் வெளியேற்றி, இரண்டு முறை நிரப்பிக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரை ஓடைக்கோ மரக்கறிப் பாத்திக்கோ விடாதீர்கள். கார்பனையும் ஆர்ஓ மெம்ப்ரேனையும் (சவ்வையும்) முன்கூட்டியே கழற்றியிருக்கவேண்டும், குளோரின் மெம்ப்ரேனைத் தின்றுவிடும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். டொய்லட் அசிட்டோடு ஒருபோதும் கலக்கக்கூடாது, நச்சு வாயு வரும். திறந்து வைத்த பை வீரியம் இழந்திருக்கும் என்பதால் பழைய தூளை நம்பாதீர்கள்.

கேண்டில் ஃபில்டர் சொட்டவில்லை, அல்லது திடீரென வேகமாகச் சொட்டுகிறது

சொட்டாமல் போவது சாதாரணம்: மேல்பூச்சு அடைத்திருக்கிறது. ஓடும் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். சவர்க்காரம் போட்டால் பீங்கானின் துளைக்குள் போய்விடும், வராது.

வேகமாகச் சொட்டுவதற்குத்தான் பயப்பட வேண்டும். 'நல்லா வேலை செய்யுது' என்று மகிழும் வீட்டில் கேண்டில் வெடித்திருக்கும். கழற்றி நனைத்து, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கப் பிடித்து, காம்பின் வழியே ஊதுங்கள். ஒரே இடத்திலிருந்து குமிழ் வரிசையாக வந்தால் அங்கே வெடிப்பு. மாற்றுங்கள். நல்ல கேண்டிலும் வைரசைப் பிடிக்காது, ஆகவே கொதிக்கவைப்பது தொடரவேண்டும்.

ஆர்ஓ மெஷின் தண்ணீர் மெதுவாக வருகிறது, கழிவு நிற்காமல் ஓடுகிறது

மெம்ப்ரேனின் உற்பத்தி அளவு 25 பாகைத் தண்ணீருக்குச் சொல்லப்பட்டது. ஒவ்வொரு பாகை குறையவும் ஏறக்குறைய 3 சதவீதம் உற்பத்தி குறையும். 15 பாகையில் தண்ணீர் வரும் நானுஓயா வீட்டில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் போவது கோளாறே அல்ல. அழுத்தம் 3 பாருக்குக் கீழே இருந்தால் இன்னும் குறையும். மெஷினின் தாங்கி நிறைந்த பின்னும் கழிவு ஓடினால் தானாக நிறுத்தும் வால்வும் தடுப்பு வால்வும் பழுது. தாங்கியில் தண்ணீர் இருந்தும் குழாயில் வராவிட்டால், தாங்கியை வெறுமையாக்கி அதன் காற்றழுத்தத்தை அளந்து 0.5 பாருக்குக் கொண்டுவாருங்கள். சைக்கிள் பம்பே போதும்.

இதெல்லாம் சரிசெய்வதற்கு முன் அந்த மெஷின் தேவையா என்று கேளுங்கள். ஊற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லீற்றரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த மில்லிகிராம்) 100க்குக் கீழே என்றால் (தர எல்லை 500) எடுக்க உப்பே இல்லை. ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு மூன்று லீற்றர் கானில் போகிறது. டிடிஎஸ் மீற்றர் கிருமியைக் காட்டாது, 30 காட்டும் தண்ணீரிலும் மலக்கிருமி இருக்கலாம். விற்பனையாளர் இரண்டு கம்பிகளைக் குவளையில் இட்டு மின்சாரம் விட்டு, தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதப்பதைக் காட்டினால் மயங்கவேண்டாம். கம்பியிலுள்ள இரும்பு கரைந்து தரும் நிறம் அது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயாது, நிறமும் வராது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வெலிமடை, கந்தப்பளை, நுவரெலியாவில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பாத்திகளுக்குக் கீழே கிணறோ ஊற்றோ இருந்தால் உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருக்கலாம். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கார்பனும் யூவியும் அதைத் தொடாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி அதன் செறிவு கூடும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் புட்டிப்பாலுக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. இங்கே ஆர்ஓ வாங்குவது நியாயம், இல்லையேல் பாத்திக்கு மேலேயுள்ள வேறு ஊற்றுக்கு மாறவேண்டும்.

எதுவும் பிடிபடவில்லை

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களிலும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழியாகவும் விசாரிக்கலாம். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமிநீக்கிய போத்தலையே பயன்படுத்துங்கள், கழுவிய சோடாப் போத்தல் ஆகாது. குழாயின் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸோடு வைத்து முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஃபில்டருக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு போத்தல் கொடுங்கள். 100 மில்லிலீற்றரில் ஈகோலை (மலத்திலிருந்து வரும் பாக்டீரியா) ஒன்றுகூட இருக்கக்கூடாது. முன்போத்தலில் ஈகோலை இருந்தும் பின்போத்தலில் இல்லையென்றால் ஃபில்டர் வேலைசெய்கிறது. இரண்டிலும் இருந்தால் யூவிப் பகுதிக்குத் திரும்புங்கள், கூடவே மேலே ஏறிப்போய் ஊற்றைச் சுற்றிப் பாருங்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மாடு இறங்கும் தடம் இருக்கிறதா, 30 மீற்றருக்குள் அல்லது சரிவின் மேல்பக்கத்தில் கழிப்பறைக் குழி இருக்கிறதா?